பழைய வேம்பா, நாற்பது கன்றுகளா?

கேள்வி: திருவொற்றியூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தோட்டத்தைச் சீரமைக்கிறோம். நடுவில் நிற்கும் பழைய வேம்பை எடுத்துவிட்டு 40 கன்றுகள் நட்டால் கார்பன் கணக்கு சரியாகிவிடும் என்கிறார் சங்கச் செயலாளர். இதை நாங்களே அளந்து பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். தையல் டேப் ஒன்று போதும். தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி அளங்கள். முண்டு இருந்தால் சற்று மேலே தள்ளி அளங்கள். வந்ததை 3.14ஆல் வகுத்தால் விட்டம். உயரத்துக்கு நிழலைப் பிடியுங்கள்: 1 மீட்டர் குச்சியின் நிழல் 60 செ.மீ. இருக்கும் நேரத்தில் மரத்தின் நிழல் 6 மீட்டர் என்றால், மரம் 10 மீட்டர்.

சுற்றளவு 126 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 40 செ.மீ., உயரம் மேலே சொன்ன 10 மீட்டர். வேப்பங்கட்டையின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 0.69 கிராம். அடர்த்தியையும் விட்டத்தின் வர்க்கத்தையும் உயரத்தையும் பெருக்கினால் 11,040. அதற்கு 0.976 அடுக்கு (xʸ பொத்தான்) போட்டு 0.0673ஆல் பெருக்குங்கள், செல்போன் கால்குலேட்டரிலேயே வரும். வெப்பமண்டல மரங்களுக்காக 2014இல் சூழலியல் ஆய்வாளர் ஷாவே குழுவினர் வெளியிட்ட சூத்திரம் இது. தரைக்கு மேலுள்ள உலர் எடை 594 கிலோ என்று கிடைக்கும்.

ஆனால் அது காட்டு மரத்துக்கான கணக்கு. மின்கம்பிக்காகக் கிளை கழிக்கப்பட்ட நம் தெரு மரங்களுக்கு 0.8ஆல் பெருக்கிக் குறைப்பது வழக்கம். வேருக்குக் கால் பங்கு கூட்டி, அதில் 47 சதவீதம் எடுத்தால் கார்பன் சுமார் 280 கிலோ. கார்பனைக் கரியமில வாயுவாக மாற்றிச் சொல்ல 3.67ஆல் பெருக்கினால், காற்றிலிருந்து இழுத்த கரியமில வாயு 1 டன்னுக்கு மேல்!

10 அடி உயரம், 4 செ.மீ. தடிமன் உள்ள கன்றில், 0.8 குறைக்காமலே பார்த்தாலும், 1.2 கிலோதான் கார்பன். நாற்பதும் சேர்ந்து 50 கிலோகூட வராது. அதுவும் எல்லாம் பிழைத்தால். வெட்டிய வேம்பு அடுப்புக்குப் போனால், அத்தனை வருடமாகச் சேர்த்தது திரும்பக் காற்றுக்குத்தான் போகும். தயவுசெய்து அந்த மரத்தை விட்டுவையுங்கள்.

அடிமரத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். பட்டை சிமென்ட் விளிம்பின் மேல் உதடுபோலப் பிதுங்கியிருந்தால், மரம் மூச்சு முட்டுகிறது என்று பொருள். சுற்றிலும் 3 அடிக்கு பேவர் கற்களைப் பெயர்த்து, சருகைப் பரப்பிவிடுங்கள்.

கன்றும் நடுங்கள், ஆனால் காலியிடத்தில். கடற்காற்றுக்கும் உப்புத் தண்ணீருக்கும் புங்கம், பூவரசு, புன்னை தாங்கும். குல்மோகர் வேண்டாம், 2016 டிசம்பர் வர்தா புயலில் அவை சாய்ந்ததை நாம் பார்த்தோமே. வேம்பில் டேப் வைத்த இடத்தில் சிறு பெயின்ட் புள்ளி வையுங்கள். அடுத்த பொங்கலுக்கு அதே இடத்தில் மறுபடி அளக்கலாம்.