கேள்வி – பதில்: எமுலேட்டரில் நின்றுபோன டைமர்

கேள்வி: கியூஇஎம்யூவுக்கு (ஒரு கணினியை மென்பொருளிலேயே இயக்கிக் காட்டும் எமுலேட்டர்) ஒரு டைமர் சாதனம் எழுதினேன். போர்டு கோடில் (சாதனங்களை உருவாக்கி இணைக்கும் பகுதி) அலைவெண் 24 மெகாஹெர்ட்ஸ் என்று கொடுத்தும் சாதனத்துக்குள் 0 என்றே வருகிறது. ரீசெட்டின்போது எழுப்பும் இண்டரப்ட்டும் (பிராசஸரின் கவனத்தை ஈர்க்கும் சிக்னல்) சில நேரம் தொலைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: அலைவெண்ணை ‘இன்ஸ்டன்ஸ் இனிட்’டில் (சாதனம் உருவாகும்போதே ஓடும் ஃபங்க்ஷன்) படிக்கிறீர்கள் போலும். அப்போது போர்டு கொடுக்கும் மதிப்பு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. ப்ராப்பர்ட்டிகள் (போர்டு கொடுக்கும் இத்தகைய மதிப்புகள்) அதற்குப் பிறகுதான் அமையும், சாதனத்தை இயங்கத் தயாராக்கும் ‘ரியலைஸ்’ கடைசி. அலைவெண்ணை வைத்துப் போடும் கணக்கை ‘ரியலைஸ்’ஸுக்கு நகர்த்துங்கள். மதிப்பு 0 என்றால் எர்ரர் கொடுத்துத் திரும்புங்கள். இல்லாவிட்டால் 0ஆல் வகுத்து எமுலேட்டரே விழக்கூடும்.

இண்டரப்ட் விஷயம் வேறு. ரீசெட்டின் முதல் கட்டமான ‘என்டர்’ரில் இண்டரப்ட் லைனை உயர்த்தினால், உங்களுக்குப் பின் ரீசெட் ஆகும் இண்டரப்ட் கண்ட்ரோலர் அதை அழித்துவிடும். ‘என்டர்’ கட்டத்தில் சொந்த ரெஜிஸ்டர்களை மட்டும் தொடுங்கள். லைன் வேலை, எல்லாச் சாதனங்களும் ‘என்டர்’ முடித்த பின் வரும் ‘ஹோல்ட்’ கட்டத்தில். சாதனங்களை உருவாக்கும் வரிசையை மாற்றிப் பார்ப்பது வெறும் ஒட்டுவேலை, இன்னொரு போர்டில் மறுபடி உடையும்.