பூஜைப் பெட்டியில் இரண்டு காசுகள்

ஐயா, வணக்கம். எங்கள் தாத்தாவின் பூஜைப் பெட்டியில் இரண்டு செப்புக் காசுகள் உள்ளன. ஒன்றில் ராமர் பட்டாபிஷேகம். பின்புறம் ஆங்கிலத்தில் ‘கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818’. இணையத்தில் பார்த்த ஒருவர் இதற்கு ஐந்து லட்சம் தருவதாகவும், முதலில் பதிவுக் கட்டணமாக 4,000 ரூபாய் அனுப்பும்படியும் சொல்கிறார். மற்றொன்று மிகவும் தேய்ந்தது. ஒருபுறம் 1808, மறுபுறம் அரபு எழுத்துப் போன்ற வரிகளும் இரண்டு ‘எக்ஸ்’ குறிகளும். பொங்கலுக்குப் பொங்கல் அம்மா இரண்டையும் புளி போட்டுத் துலக்குவார். பணம் அனுப்பலாமா?

க., தாராபுரம்

அன்புள்ள க.,

அனுப்பாதீர்கள். பழங்காசு வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் பயன்படுத்திக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

ராமர் காசு நாணயம் அன்று, வழிபாட்டு வில்லை. வெள்ளைக்காரன் நம் தெய்வத்தைக் காசில் பொறித்திருப்பானா என்று இதற்குச் சிலர் காரணம் சொல்வார்கள். அது தவறான காரணம். சென்னையில் கம்பெனி அடித்த ‘மூன்று சுவாமி வராகன்’ என்ற பொற்காசில் வேங்கடவன் இரு தேவியரோடு நிற்கிறார். உண்மைக் காரணம் வேறு. பட்டாபிஷேக வில்லைகளைப் பூஜையில் வைப்பது பழைய வழக்கம்; அந்த உருவத்தோடு கம்பெனியின் பெயரையும் ஓர் ஆண்டையும் சேர்த்து அச்சடித்தவர்கள் பிற்காலத்தார். இதே ராமர் 1616, 1717 என்ற ஆண்டுகளோடும் சந்தையில் கிடைக்கிறார். 1616-இல் சென்னையில் கம்பெனிக்குக் கால்வைக்க இடமே இல்லை; அந்த நிலம் அதன் கைக்கு வந்தது 1639-இல். உங்கள் தாத்தா அதை வைத்திருந்த இடம் சரியான இடம்தான். பொய் சொல்பவர் விலை பேசியவர்.

என் மனம் மற்றக் காசிலேயே நிற்கிறது. இரண்டு ‘எக்ஸ்’ என்பது ரோமன் எண்ணில் இருபது. அது சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில், மேத்யூ போல்டன் நிறுவிய சோஹோ நாணயச்சாலையில், நீராவி இயந்திரங்களால் அடிக்கப்பட்ட இருபது காசு. எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன் என்பது அன்றைய கணக்கு. அதன்படி உங்கள் காசு கால் பணம், 168 சேர்ந்தால் ஒரு வராகன். ஆங்கிலேயர் இதைக் ‘கேஷ்’ என்றது, நம் ‘காசு’ போர்ச்சுக்கீசியர் வாயில் திரிந்து அவர்களிடம் சென்றதால்தான். (ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ பிரெஞ்சு வழி வந்த வேறு சொல்.)

1808-ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அதிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை வெளியே எடுத்தார்கள். இன்று சேகரிப்பாளர்களிடம் இந்தக் காசு மலிவாகக் கிடைப்பது அதனால்தான். உங்களுக்கும் பெரிய விலை கிடைக்காது. ஆனால் கடலடியில் கிடந்தவை ஒருவர் கையிலும் புழங்காதவை. உங்களுடையது ஓரம் மழுங்கும் அளவுக்குத் தேய்ந்திருப்பதைப் பார்த்தால், அது கரை சேர்ந்து, சந்தையிலும் மடியிலும் நெடுநாள் புழங்கிய காசு என்றே நினைக்கிறேன்.

நீங்கள் அரபு என்று நினைத்த வரிகள் பாரசீகம். ‘பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்’, அதாவது இருபது காசு நான்கு ஃபுலூஸ் (செப்புக் காசுக்குப் பாரசீகத்தில் வழங்கிய பெயர்). உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வலமிருந்து இடமாகப் பாருங்கள். முதற்சொல்லை அடுத்து வரும் ‘காஸ்’ நம்முடைய சொல். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த இடம் ஏறக்குறைய அழிந்துவிட்டது. புளியின் அமிலம் ஒவ்வொரு முறையும் செம்பின் மேற்பரப்பைக் கொஞ்சம் தின்றுவிடும். ராமரை அம்மா வழக்கம்போலத் துலக்கட்டும். இந்தக் காசை மட்டும் தண்ணீர்கூடப் படாமல், ஒரு காகித உறையில் தனியாக எடுத்து வையுங்கள்.