பொத்தானை அழுத்தினால் மழை வருமா? நாவலாசிரியர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: நான் எழுதும் நாவலில் ஒரு கொடுங்கோல் அரசு மழையையும் வெயிலையும் ரேஷன் போல அளந்து கொடுக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் பொத்தானை அழுத்தினால் மழை. படித்த நண்பர், "நம்பும்படி இல்லை" என்கிறார். எதைத் திருத்துவது?

பதில்: முதலில் அந்தப் பொத்தானை எடுத்துவிடுங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் வெறும் 1 மில்லிமீட்டர் மழை என்றாலே 10 லட்சம் லிட்டர் தண்ணீர். அதை ஆவியாக்க ஏறத்தாழ 7 லட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். சூரியன் செய்கிற வேலை அது. எந்த அரசின் கஜானாவும் தாங்காது.

ஏற்கெனவே திரண்ட மேகத்தைச் சீண்டிவிடலாம், அவ்வளவுதான். 1946இல் வின்சென்ட் ஷேஃபர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு குளிர்பெட்டிக்குள் மூச்சை ஊதிக் குட்டி மேகம் ஒன்றை உண்டாக்கி, அதில் உலர்பனியை, அதாவது உறைந்து கட்டியான கரியமில வாயுவை, போட்டார். மேகம் சட்டென்று மின்னும் பனித்துகள்களாக மாறியது. வெள்ளி அயோடைடு என்ற உப்பை மேகத்தில் தூவுவதும் இதே நோக்கத்தில்தான். பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் உறையாத துளிகள் மேகத்தில் இருந்தால்தான் பலிக்கும். பலித்தாலும், அந்த மழை தானாகவே பெய்திருக்குமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

உங்கள் கதைக்கான புதையல் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரம், 1915இன் கடைசியில் சார்லஸ் ஹாட்ஃபீல்ட் என்ற 'மழை வரவழைப்பவரை' 10,000 டாலர் பேசி அழைத்தது. 1916 ஜனவரியில் மழை கொட்டியது, வெள்ளம் வந்தது, ஓர் அணையும் உடைந்தது. அவர் கூலி கேட்டபோது, வெள்ளச் சேதத்துக்கும் பொறுப்பேற்றால்தான் தருவோம் என்றது நகராட்சி. பணம் அவர் கைக்கு வரவேயில்லை. உங்கள் அரசு இதைத் திருப்பிப் போடட்டும்: பெய்தால் அரசின் அருள், பொய்த்தால் துரோகிகளின் சதி. மழைமானியைத் தொடும் உரிமை அரசுக்கு மட்டும். வீட்டு முற்றத்தில் ஒரு டப்பா வைத்து மழையை அளந்த கிழவியைக் கைது செய்யும் காட்சி, நூறு பொத்தான்களைவிட நடுங்க வைக்கும்.

சரி, வெயிலுக்கு வருவோம். இதில் அரசின் கை உண்மையிலேயே நீளும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்து உயரே தள்ளிய கந்தக வாயு, வெயிலைத் திருப்பியனுப்பும் நுண்துகள்களாக மாறி, அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்கு உலகின் சராசரி வெப்பநிலையை ஏறக்குறைய அரை டிகிரி இறக்கியது. அதையே விமானங்கள் ஆண்டு முழுவதும் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மதிய வானம் கழுநீர் போல வெளுத்துக் கிடக்கும். ஆழ்ந்த நீலத்தைக் குழந்தைகள் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

அந்தத் துகள்கள் ஓரிரண்டு ஆண்டுகளில் கீழே இறங்கிவிடும் என்பதால் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றில் கரியமில வாயு சேர்ந்துகொண்டிருக்கும்போது திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடக்கி வைத்த சூடு சில ஆண்டுகளிலேயே பாய்ந்து ஏறும். அப்படியானால் அரசைக் கவிழ்க்க வரும் உங்கள் புரட்சிக்காரர்கள் விமானத் தளத்தைப் பிடித்ததும் என்ன செய்வார்கள்? தளத்தைக் கொளுத்தினால் சூடு ஏறி மக்கள் வெந்துபோவார்கள். விமானங்களை ஓட்டினால், நேற்றுவரை எதிர்த்த வேலையை இவர்களே தொடர வேண்டும். நானாக இருந்தால் நாவலின் பாதியை அந்த இரவுக்கே கொடுப்பேன்.

அப்புறம், வானிலையை ஆயுதமாக்கும் பக்கத்து நாடு வேண்டுமென்றால் அதற்கும் முன்மாதிரி உண்டு. வியட்நாம் போரில் 1967 முதல் 1972 வரை, எதிரியின் பாதைகளைச் சேறாக்க அமெரிக்கா மேகங்களில் ரசாயனம் தூவியது. அதற்குப் பிறகுதான் இதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம் வந்து, 1978இல் நடைமுறைக்கும் வந்தது. உங்கள் கதையில் அதை யார், எந்தச் சாக்கில் மீறினார்கள் என்று ஓரிரு வரி எழுதினால் போதும்.