கோப்பர்நிக்கஸ் ஜெயித்தது எளிமையாலா?

எளிமை மட்டும் காரணமில்லை. பூமியை மையமாக வைத்த தாலமி, சூரியனை மையமாக வைத்த கோப்பர்நிக்கஸ் இருவரும் கோள்களின் இடத்தைச் சொன்ன கணக்கு ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் சரியாக வந்தது என்றால், எதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு விடை சொல்லும் இடம் ஒன்று வேண்டும். அது வெள்ளிக் கோளில் கிடைத்தது.

எளிமையால்தான் ஜெயித்தார் என்ற குழப்பம் பெரும்பாலும் பாடப்புத்தகப் படத்தால் வந்திருக்கும். அதில் சூரியனைச் சுற்றி அழகான வட்டங்கள் மட்டுமே இருக்கும். 1543-இல் வந்த கோப்பர்நிக்கஸின் நூலிலோ வட்டத்தின்மேல் வட்டம் ஏராளம்.

ஒரு தாளில் வரைந்து பாருங்கள். தாலமி அமைப்பில் வெள்ளி சூரியனைத் தாண்டி அந்தப் பக்கம் போகவே போகாது. அதனால் நமக்குப் பிறை மட்டும்தான் தெரிய வேண்டும். 1610 கடைசியில் கலிலியோ தொலைநோக்கியில் தொடர்ந்து பார்த்தபோது, ஏறக்குறைய முழு வட்டமாகச் சிறிதாகத் தெரிந்த வெள்ளி, தேயத் தேயப் பெரிதாகிப் பிறையானது. தாலமி கதை அங்கேயே முடிந்தது.

ஆனால் இது கோப்பர்நிக்கஸுக்கு முழு வெற்றி இல்லை. பூமியை நிறுத்திவைத்து மற்ற கோள்களைச் சூரியனைச் சுற்றவிட்ட டைகோ பிராஹே அமைப்பிலும் இதே காட்சிதான் வரும். அப்புறம், கோள்கள் சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்ற கெப்ளரின் கருத்து கணக்கைத் துல்லியமாக்கியது. அவர் முன்கூட்டியே சொன்னபடி 1631 நவம்பர் 7-இல் புதன் சூரியனைக் கடந்ததை பாரிஸில் கசெண்டி என்ற வானியலாளர் பார்த்தார். பூமி நகர்வதால் விண்மீனுக்கு ஏற்படும் இடமாறு தோற்றத்தை (அது இடம் மாறுவதுபோல் தெரிவதை) பெசல் என்ற வானியலாளர் அளந்து சொன்னது 1838-இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே வானியலாளர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.