குறட்டைக்கும் தூக்கத்தில் மூச்சு நிற்பதற்கும் பல் மருத்துவரிடம் போவதில் பயன் உண்டா?

உண்டு. எங்கள் வீட்டில் அதை முதலில் கண்டுபிடித்தவரே பல் மருத்துவர்தான். "குறட்டைக்குப் போய்ப் பல் டாக்டரா?" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சிரித்திருப்பார்கள், அதனால்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் நாத்தனாரும் சிரித்தார்.

நாங்கள் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். கணவர் விசைப்படகு ஓட்டுகிறார். அவருடைய குறட்டையை விட, அது திடீரென்று நிற்பதுதான் எனக்குப் பயம். நெஞ்சு ஏறி இறங்கும், மூக்கில் விரல் வைத்தால் காற்றே வராது. பிறகு திணறியபடி மூச்சை இழுப்பார். பகலில் சோற்றுத் தட்டின் முன்னாலேயே கண் சொருகும். சுக்கான் பிடிக்கிறவர் இப்படி இருந்தால் கரையில் இருப்பவளுக்கு எப்படி நிம்மதி வரும்? "உழைத்த உடம்பு, அசந்து தூங்குகிறான்" என்றே சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடைவாய்ப் பல் வலிக்காக ராமநாதபுரம் போனோம். அந்த மருத்துவர் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கின் இரு ஓரமும் பல் பதிந்து நெளிநெளியாக இருந்தது; முன்பற்கள் தேய்ந்து மட்டமாகியிருந்தன. என் பக்கம் திரும்பி, "தூங்கும்போது மூச்சு நிற்கிறதாம்மா?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்குத் தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று உண்டு என்றார்; ஆனால் அதை உடனே செய்து தர மறுத்துவிட்டார். தூங்கும்போது மூச்சு எத்தனை முறை தடைபடுகிறது என்று அளக்கும் தூக்கப் பரிசோதனை செய்து, அதற்கான மருத்துவர் நோயை உறுதிசெய்த பிறகுதான் என்றார்.

2024இல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அந்தப் பரிசோதனைக்கு மதுரைக்குப் போக முடிந்தது. அப்போது பாம்பன் பழைய பாலத்தில் ரயில் கிடையாது, பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும்.   

பரிசோதனையில் மணிக்கு 22 முறை மூச்சு தடைபடுவதாக வந்தது. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. முதலில் சொன்னது முகமூடி மாட்டிக் காற்றைச் செலுத்தும் சிபாப் இயந்திரம். நல்ல சிகிச்சைதான், கடுமையான நோய்க்கு அதுவே முதல் வழி. சிபாப் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஆனால் வலையை விட்டுவிட்டு முறை வைத்துத் தூங்கும் எங்கள் படகில் அதை எங்கே செருகுவது?

அதன் பிறகுதான் பல் மருத்துவர் தாடைக் கருவி செய்தார். மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும். தாடையோடு நாக்கும் முன்னால் வருவதால் தொண்டை அடைபடாது. ஒரேயடியாக இழுக்காமல், சிறிது சிறிதாக முன்னே நகர்த்தினார். கருவியைத் தாங்கப் பல் உறுதியாக வேண்டும் என்பதால், புகையிலையால் கெட்டிருந்த ஈறுக்குத்தான் முதல் வைத்தியம். ஆரம்பத்தில் எச்சில் வழிந்தது, காலையில் தாடை வலித்தது, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தச் சற்று நேரம் ஆனது.

கடைகளில் வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் மலிவான கருவி விற்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். அளவெடுத்துச் செய்ததாகவே இருந்தாலும், அதை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். குறட்டை நின்றாலும் மூச்சுத் தடை உள்ளே தொடரலாம். இவருக்கு 22 என்பது 7 ஆனது. அந்தத் தாளைத்தான் நாத்தனாரிடம் காட்டினேன்.