கைது செய்யும்போது போலீஸ் அடித்தால், அந்தப் புகாரையும் போலீஸே விசாரிப்பதா?

தம்பியைக் கைது செய்தபோது கையை முறித்துவிட்டார்கள், புகாரை விசாரிக்கக் காவல்துறைக்கு வெளியே அமைப்பு ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தென் மாவட்டம் ஒன்றில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். இருப்பதை இருக்கிறபடியே சொல்கிறேன்.

2006-ல், காவல்துறைச் சீர்திருத்தம் கேட்டுத் தொடுத்த பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே உத்தரவிட்டது. மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் புகார் ஆணையங்கள் வேண்டும், தலைவர்கள் ஓய்வு பெற்ற நீதிபதிகளாக இருக்க வேண்டும். தமிழ்நாடு 2013-ல் கொண்டுவந்த காவல்துறை சீர்திருத்தச் சட்டமோ, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யையும் கூடுதல் டி.ஜி.பி.யையும் உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். அடித்தவரின் மேலதிகாரி முன்னால் போய் அடிபட்டவன் எப்படி வாய் திறப்பான்? இதை எந்த மேடையிலும் சொல்வேன்: இது உச்ச நீதிமன்றம் கேட்ட ஆணையமே அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, ரிமாண்டுக்குக் கொண்டுவந்த இளைஞன் ஒருவனுக்காக மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் நின்றேன். வலது கையில் மாவுக்கட்டு, ஈரம் காயவில்லை. விரல்கள் வீங்கி நீலம் பாய்ந்திருந்தன. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில் ஒரே வரி: தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லப்படுகிறது. சொன்னது அழைத்து வந்த காவலர். "போலீஸ் மேல் ஏதும் புகார் உண்டா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவன் அவரைப் பார்க்கவில்லை. தன் இடது முழங்கையைப் பிடித்திருந்த காவலரின் கையைப் பார்த்தான். "இல்லை ஐயா" என்றான். சிறைக்குப் போகும் வண்டியில் அவனோடு ஏறப்போகிறவர் அந்தக் காவலர்தான்.

பத்து நாள் கழித்துச் சிறையில் பார்த்தபோதுதான் நடந்ததைச் சொன்னான். புகார் எழுதினோம். விசாரணைக்கு வந்தவர் அதே உட்கோட்டத்தின் டி.எஸ்.பி. காவலர்களை விசாரித்ததில் உண்மையில்லை என்று அரைப் பக்க அறிக்கையோடு முடித்துவிட்டார்.

கைதை ஒருவர் எதிர்த்தால் தேவையான பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 46-ஆம் பிரிவு, அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 43. ஆகவே சண்டையெல்லாம் அந்தத் "தேவையான" என்ற சொல்லின் மேல்தான். அதை முடிவு செய்யக் காயமும், கேமராப் பதிவும், பார்த்தவர் வாக்குமூலமும் முதல் சில நாளிலேயே கைக்கு வர வேண்டும். தலைவர் நாற்காலியில் நீதிபதி உட்கார்ந்தால் மட்டும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். ஸ்டேஷனுக்குள் நுழைந்து சாட்சியத்தை எடுக்கச் சொந்த ஆட்கள் வேண்டும். வட அயர்லாந்தில் 2000 முதல் இயங்கும் காவல்துறை ஆம்புட்ஸ்மேன், அதாவது போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்கும் சுதந்திரமான அதிகாரியின் அலுவலகத்துக்கு அப்படிச் சொந்தப் புலனாய்வாளர்கள் இருக்கிறார்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் அடிபட்டு இறந்தபோது, கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டார். அவரையே அங்கே அவமதித்தார்கள். உயர் நீதிமன்றம் அந்த ஸ்டேஷனை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரச் சொன்ன பிறகுதான் சாட்சியத்துக்குப் பாதுகாப்பு கிடைத்தது. உள்ளே நடந்ததைச் சொல்ல ஒரு பெண் தலைமைக் காவலர் முன்வந்தார். அவருடைய துணிச்சலை இன்றும் வணங்குகிறேன். ஆனால் ஒவ்வொரு வழக்கிலும் அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார்.

இனி உங்கள் தம்பிக்கு. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓர் ஆண்டுக்குள் புகார் போக வேண்டும். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. அங்கும் புலனாய்வுப் பிரிவில் இருப்பவர்கள் காவல்துறையினர்தான், இருந்தாலும் போங்கள். அதற்கு முன்னால் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் நாளும் மணியும் குறித்து மனுப் போடுங்கள். பதிவை 18 மாதம், வசதி இல்லாவிட்டால் ஓர் ஆண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தம்பியைச் சிறைக்குள் எடுத்தபோது அங்குள்ள மருத்துவர் காயங்களைக் குறித்திருப்பார். அந்தக் குறிப்பின் நகலையும் அதே மனுவில் கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.