பதினான்கு ஊரும் நான்கு ஊரும்

அன்புள்ள அக்கா,

திருநெல்வேலியில் இருந்து எழுதுகிறேன். வயது 27. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருக்கிறேன். ஆபீஸ் சென்னையில், ஆனால் மூன்று வருடமாக வீட்டில் இருந்துதான் வேலை. இந்தியாவுக்குள் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். கையில் வருவது மாதம் 38,000 ரூபாய். அதில் 10,000 வீட்டுக்கு.

வரும் நவம்பரில் இருந்து ஆறு மாதம் நாட்டைச் சுற்றிப் பார்க்க ஆசை. கோவா, ஹம்பி, மும்பை, உதய்ப்பூர், ஜெய்சால்மர், ரிஷிகேஷ், மணாலி, ஸ்ரீநகர், வாரணாசி, டார்ஜிலிங், ஷில்லாங் என்று 14 ஊர் எழுதி வைத்திருக்கிறேன். விமானத்தில் போனால் கட்டுப்படியாகாது. ஊர் விட்டு ஊர் போக எது மலிவு? ஸ்லீப்பரில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்க முடியுமா? தினமும் காலை 10 மணிக்கு எங்களுக்கு மீட்டிங் உண்டு. அம்மா மதுரையைத் தாண்டி ரயிலில் போனதில்லை. "தனியாப் போற பிள்ளைக்கு ராத்திரி ரயில் எதுக்கு" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மொழிபெயர்ப்பு வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஏழு வருடம் ஊர் ஊராக இருந்தவள் நான். அதனால் நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 14 ஊர் வேண்டாம், நான்கு போதும்.

பயணச் செலவு என்றதும் எல்லோரும் டிக்கெட் விலையைத்தான் பார்க்கிறோம். நம் நாட்டில் ரயில் டிக்கெட் ஒரு செலவே இல்லை. கீழே நான் சொல்லப்போகும் சுற்று முழுவதையும் ஸ்லீப்பரில் போனால் ரயிலுக்கு 5,000 ரூபாய் தாண்டாது. ஊர் மாறுவதில்தான் பணம் போகிறது. புது ஊரில் முதல் மூன்று நாள் தினவாடகை அறை. ஒரு நாளைக்கு 800 ரூபாய் கேட்கிற அதே அறையை மாதத்துக்குப் பேசினால் 9,000, 10,000-க்கு எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே மெஸ் இருக்கிறது, எந்தக் கடையில் காய் மலிவு, எந்த ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும் என்று தெரிய ஒரு வாரம் ஆகும். அதுவரை மூன்று வேளையும் ஹோட்டல்தான், ஆட்டோக்காரர் சொன்னதுதான் வாடகை. 14 முறை ஊர் மாறினால் இந்த முதல் வாரத்தை 14 தடவை விலை கொடுத்து வாங்குகிறீர்கள். மாதம் 28,000 ரூபாயில் அது முடியாது. ஒரே ஊரில் ஆறு வாரம் இருந்தால் அறை, சாப்பாடு, டேட்டா, பஸ் எல்லாம் போக மாதம் எட்டாயிரமாவது மிஞ்சும்.

அந்த நான்கு ஊரையும் வரைபடத்தில் தேடாதீர்கள், உங்கள் ஊர் ரயில் எங்கே போகிறது என்று பாருங்கள். திருநெல்வேலியில் இருந்து கொங்கண் வழியாக ஜாம்நகர் வரை ஒரு ரயில் போகிறது. கேரளம், கர்நாடகக் கரை, கோவா, மகாராஷ்டிரம், குஜராத் எல்லாம் அந்த ஒரே கோட்டில் வந்துவிடும். திரும்பி வர டெல்லி நிஜாமுத்தீனில் இருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ், அது உங்கள் ஊர் வழியாகத்தான் கன்னியாகுமரிக்குப் போகிறது. மேற்குக் கரையில் ஏறி, நடு இந்தியா வழியாக இறங்கலாம்.

நான் போட்டுத் தரும் திட்டம் இது. நவம்பர் முதல் டிசம்பர் பாதி வரை உடுப்பி. கோவாவில் டிசம்பர் வாடகை உங்களுக்கும் எனக்கும் ஆகாது. உடுப்பியில் இருந்துகொண்டு ஒரு சனி, ஞாயிறு கோவாவில் உள்ள மட்கான் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உடுப்பியை ஒட்டி மணிப்பால், முழுக்க மாணவர் ஊர். மாத வாடகை அறையும் மெஸ்ஸும் தேடி அலைய வேண்டியதில்லை. மங்களூரில் இறங்கினால் உடுப்பிக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமே கிடையாது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், கர்நாடக அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது அந்த மாநில முகவரி உள்ளவர்களுக்குத்தான். அப்புறம் ஜனவரி முடிய வடோதரா. அதுவும் பல்கலைக்கழக ஊர். ஜனவரி 14 உத்தராயணத்தன்று குஜராத்தில் மொட்டை மாடியை விட்டு யாரும் இறங்குவதில்லை, வானம் முழுக்கப் பட்டம். அந்த ஒரு நாளுக்காகவே அங்கே இருக்கச் சொல்கிறேன். பிப்ரவரி உதய்ப்பூர். அகமதாபாத் – உதய்ப்பூர் பாதையை அகலப் பாதையாக்கி 2022 அக்டோபர் கடைசியில் திறந்தார்கள். அந்த வேலை நடந்த வருடங்களில் அந்தப் பக்கம் பஸ்தான் கதி, இப்போது ரயிலிலேயே போய்விடலாம். உதய்ப்பூரில் ராத்திரி மேவார் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் நிஜாமுத்தீன். டெல்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் ராத்திரி பஸ் பிடித்தால் இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள பாலம்பூர். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் அங்கேயே இருங்கள். தேயிலைத் தோட்டமும், அண்ணாந்து பார்த்தால் தௌலாதார் பனிமலையுமாக இருக்கும் சின்ன ஊர். மணாலி சீசன் விலை அங்கே இல்லை.

ஸ்ரீநகரையும் ஷில்லாங்கையும் இந்த முறை விட்டுவிடுங்கள். காஷ்மீர் போகும் எண்ணம் வந்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். சுற்றுலா வந்தவர் இரண்டு நாள் சமாளிப்பார். பத்து மணி மீட்டிங் உள்ளவருக்கு அது முடியாத காரியம்.

அடுத்து, ரயிலில் வேலை. தயவுசெய்து வேண்டாம். ஒரு முறை ரத்னகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். நாலு மணிக்குள் ஒரு கோப்பை அனுப்பியாக வேண்டும். மூன்று மணிக்கே வேலை முடிந்துவிட்டது. அனுப்பும் பொத்தானைத் தட்டினேன், நீலக் கோடு பாதி ஓடி நின்றது. ஜன்னல் இருட்டியது, சுரங்கம். வெளியே வந்து ஒரு பாலம், ஒரு தென்னந்தோப்பு, கோடு கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி சுரங்கம். அந்தப் பாதையில் கர்புடே சுரங்கம் மட்டுமே ஆறரை கிலோமீட்டர். எதிர் சீட்டில் இருந்த அம்மாள் தன் போனையும் நீட்டினார், "இதில் பாரம்மா" என்று. அதிலும் சிக்னல் இல்லை. கோப்பு போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே கால். அந்த வாடிக்கையாளர் அதற்குப் பிறகு எனக்கு வேலை தரவில்லை. அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன், நாலு மணி என்றால் நாலு மணிதான். அன்றிலிருந்து ரயில் ஏறும் நாள் எனக்கு லீவு நாள். நீங்களும் வெள்ளி ராத்திரியோ சனிக்கிழமையோ ஏறுவது போலப் பாருங்கள், ரயில் கிழமை ஒத்துவராவிட்டால் ஒரு நாள் லீவு போடுங்கள். ஆறு மாதத்தில் நாலைந்து நீண்ட பயணம்தானே, லீவு தாங்கும்.

டிக்கெட்டுக்கு முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, காலை 8 மணிக்கு. 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள். எட்டு மணிக்கே போட்டுவிடுங்கள். தட்கலை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஏசி வகுப்புக்குத் தட்கல் திறப்பது முந்தின நாள் காலை 10 மணிக்கு, சரியாக உங்கள் மீட்டிங் நேரம். ஸ்லீப்பருக்கு 11 மணி. ரயில் டிக்கெட் இணையதளத்தில் ஆதாரோடு இணைத்த கணக்கு இல்லாமல் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியாது, அதை இப்போதே இணைத்து வையுங்கள். வெயிட்டிங் லிஸ்டோடு ஸ்லீப்பரில் ஏறிச் சமாளிக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள், அதற்கு இப்போது அனுமதி இல்லை. அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. சார்ட், அதாவது யாருக்கு எந்த பெர்த் என்ற பட்டியல், போட்ட பிறகு காலியாக இருக்கும் பெர்த்துகளை கரண்ட் புக்கிங்கில் தருவார்கள், தட்கல் கூடுதல் கட்டணம் கிடையாது. கூட்டம் இல்லாத கிழமைகளில் எனக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

எந்த வகுப்பு? நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஸ்லீப்பர் நன்றாகவே இருக்கும், ஆனால் வடக்கே ராத்திரியில் குளிரும், போர்வை கொண்டு போங்கள். கடைசியில் டெல்லியில் இருந்து ஊர் திரும்பும் இரண்டு ராத்திரிப் பயணம் ஏப்ரல் முடிவில் வருகிறது. நாக்பூர் பக்கம் அப்போது வெயில் கொளுத்தும். அந்த ஒரு பயணத்துக்கு மூன்றாம் வகுப்பு ஏசி எடுங்கள். எகானமி என்று போட்டிருக்கும் பெட்டி இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். லேப்டாப் உள்ளவருக்கு மேல் பெர்த். பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுங்கள்.

உங்கள் அம்மா கேட்டது நியாயமான கேள்வி, என் அம்மாவும் அதையேதான் கேட்டார். அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். நீண்ட தூர ரயில்களில் ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று 6 பெர்த் தனி ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் போடும்போது பொது ஒதுக்கீட்டுக்குப் பதிலாக 'லேடீஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்தது, 2020-இல் இருந்து ரயில்வே பாதுகாப்புப் படையில் 'மேரி சஹேலி' என்று ஒன்று நடக்கிறது. தனியாகப் போகும் பெண்களை, ரயில் கிளம்பும் ஸ்டேஷனிலேயே பெண் காவலர்கள் வந்து பார்த்து, சீட் எண்ணைக் குறித்துக்கொண்டு, வழியில் உள்ள ஸ்டேஷன்களுக்குச் சொல்லிவிடுவார்கள். ஏதாவது என்றால் 139. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குப் போய் இறங்கினால் வெளியே போகாதீர்கள். பெரிய ஸ்டேஷன்களில் ரிடயரிங் ரூம் இருக்கும், சிலவற்றில் டார்மிட்டரி கட்டிலும் உண்டு. உறுதியான டிக்கெட் எண் இருந்தால் ஆன்லைனிலேயே போடலாம், விலை வெளி லாட்ஜில் பாதிகூட வராது. விடிந்ததும் குளித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சர்க்குலர் ஜர்னி டிக்கெட் பற்றியும் பலர் கேட்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளம்பின ஸ்டேஷனுக்கே திரும்பி வரும் சுற்றுக்கு மொத்தமாக ஒரே டிக்கெட். இடையில் 8 இடத்தில் இறங்கலாம். தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கு ஆகும் கட்டணம் குறைகிற கணக்கு இதில் உங்கள் பக்கம் வேலை செய்யும். பெரிய ஸ்டேஷன் மேலாளரிடமோ கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்திலோ வழித்தடத்தை எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக ரிசர்வேஷன். ஆனால் காலக் கெடு உண்டு. பயணத்துக்கு 400 கிலோமீட்டருக்கு ஒரு நாள், தங்கலுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். நான் மேலே சொன்ன ரயில் சுற்று ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் என்று வைத்தால் 15-ம் 30-ம் சேர்த்து 45 நாள். ஆறு மாதம் போகிற உங்களுக்கு இது உதவாது. ஒன்றரை மாதத்தில் மூன்று ஊர் பார்க்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல டிக்கெட் எனக்குத் தெரிந்து இல்லை.

அறை பேசும்போது "வைஃபை உண்டா" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு மலையூரில் அப்படிக் கேட்டுவிட்டு ஒரு மாதப் பணம் கட்டினேன். போய்ப் பார்த்தால் வைஃபை என்பது வீட்டுக்காரர் மகனின் போன். காலை எட்டரைக்குப் பையன் காலேஜுக்குக் கிளம்புவான், நெட்டும் கூடவே கிளம்பிவிடும். வேகத்தைச் சோதித்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் மோடமும் ஓடுமா, விளக்கு மட்டுமா என்றும் கேளுங்கள். இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம் எப்போதும் கையில் இருக்கட்டும். முதலில் மூன்று நாளுக்கு மட்டும் பணம் கொடுத்துத் தங்கி, ஒரு வேலைநாள் முழுக்க மீட்டிங் நடத்திப் பார்த்த பிறகு மாத வாடகை பேசுங்கள்.

இன்னொன்று. அம்மா மதுரையைத் தாண்டியதில்லை என்று எழுதியிருந்தீர்கள், அந்த வரியிலேயே மனது நின்றுவிட்டது. பிப்ரவரியில் உதய்ப்பூர் வெயில் இதமாக இருக்கும், ஏரிக்கரையில் மெதுவாக நடக்கலாம். மாத வாடகை அறையில் இன்னொருவர் பத்து நாள் தங்கினால் யாரும் கூடுதலாகக் கேட்கப்போவதில்லை. துணைக்கு உறவில் ஒருவரைச் சேர்த்து, அம்மாவுக்கும் டிக்கெட் போடுங்கள். அந்தத் தேதிக்கு டிசம்பரில் முன்பதிவு திறக்கும், காலை எட்டு மணிக்கு. முதலில் கீழ் பெர்த் கேளுங்கள்.

உடுப்பியில் அறை கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.